விசாரணையில்லாச் சிறையில் டாக்டர் டான்குவா

மேற்கு ஆப்பிரிக்காவிலே கானா என்னும் தேசத்தில் சில வருஷங்களாக ஒரு விநோதமான வழக்கு நடந்து வருகின்றது. அது கோர்ட்டில் நடக்கும் வழக்கன்று. பஞ்சாங்கத்தில் நடக்கும் வழக்கு! அந்தத் தேசத்தை உண்டாக்கியவரைக் கொண்டாடும் விடுமுறை நாளை "ஸ்தாபகர் தினம்" என்பதா, "ஸ்தாபகர்கள் தினம்" என்பதா என்பதுதான் அந்த வழக்கு. ஒரு "கள்" விகுதிக்காக ஒரு கட்சி சட்டம் செய்கின்றது. அடுத்த கட்சி பதவிக்கு வந்ததும் அதை அழித்து வேறு சட்டம் செய்கின்றது. 2009ஆம் வருஷத்தில், குவாமே நுக்ருமா பிறந்த நாளாகிய செப்டம்பர் 21ஆம் தேதி ஒருமையில் ஸ்தாபகர் தினமாயிற்று. 2019இல் அதை மாற்றி ஆகஸ்டு 4ஆம் தேதியைப் பன்மையில் ஸ்தாபகர்கள் தினமாக்கினார்கள். 2025இல் மறுபடியும் ஒருமையே திரும்பி விட்டது. (அதே 2025இல், அந்த நாடு குடியரசான ஜூலை 1ஆம் தேதியைத் தேசியப் பிரார்த்தனை நாளென்று ஆக்கி அதற்கும் ஒரு லீவு விட்டிருக்கின்றார்கள். குடியரசு ஏற்பட்டது ஜனங்கள் போட்ட ஓட்டினால். நன்றி போய்ச் சேருவது ஆகாயத்துக்கு!)

இந்தக் "கள்"ளுக்குள் ஒடுங்கிக் கிடப்பவர்களில் முக்கியமானவர் டாக்டர் ஜே. பி. டான்குவா என்பவர். நுக்ருமாவைச் சீமையிலிருந்து தாய்நாட்டுக்குக் கூப்பிட்டுக் கொண்டது இவர் நடத்திய சங்கம். பிறகு அதே நுக்ருமாவின் சர்க்காரால் விசாரணையில்லாமல் சிறையில் அடைக்கப்பட்டு, 1965ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 4ஆம் தேதி அந்தச் சிறையிலேயே செத்துப் போனதும் இவர்தான். இவருடைய கதையை நம் வாசகர்களுக்குச் சொல்ல நினைப்பது, இவர் நமக்குப் பிடித்தமான மனிதர் என்பதற்காக அல்ல. பிடிக்காத அம்சங்கள் இவரிடத்தில் ஏராளம். அதனாலேயே சொல்ல வேண்டியிருக்கின்றது.

கானாவுக்கு அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் வைத்திருந்த பெயர் கோல்டுகோஸ்ட், அதாவது தங்கக் கரை. அங்கிருந்து எதை எடுத்துப் போகலாமோ அதையே அந்த நாட்டுக்குப் பெயராக வைத்து விட்டான்! அங்கே அக்யெம் அபுவாக்வா என்ற சிற்றரசின் ராஜகுடும்பத்தைச் சேர்ந்தவர் டான்குவா. 1895ஆம் வருஷம் டிசம்பரில் பிறந்தவர். இவருடைய தகப்பனார் முதலில் அரண்மனையின் தலைமை முரசுக்காரர். பின்னர் கிறிஸ்தவராகிப் பாசல் மிஷனில் உபதேசியார் ஆனவர். ராஜாவுக்காக முரசு அடித்தவர் பிறகு வேறொரு ராஜாவுக்காக அடித்தார் என்று வைத்துக் கொள்ளலாம். தமையன் முறையான நானா சர் ஓபோரி ஆட்டா என்பவர் 1912 முதல் 1943 வரை அந்தச் சிற்றரசை ஆண்டவர். "சர்" பட்டம் பெற்றவர் என்பதிலிருந்தே வெள்ளைக்காரனுக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாரென்பதை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம். அந்தத் தமையனிடத்தில் காரியதரிசியாக இருந்த டான்குவா 1921இல் சீமைக்குப் படிக்கப் போனார். லண்டன் சர்வகலாசாலையின் பிரவேசப் பரீட்சையில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினார். அப்புறம் நிற்கவேயில்லை. பி.ஏ. ஆயிற்று, பாரிஸ்டர் ஆயிற்று, 1927இல் தத்துவ சாஸ்திரத்தில் டாக்டர் பட்டமும் ஆயிற்று.

ஊருக்குத் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1931இல் ஒரு தினசரிப் பத்திரிகை தொடங்கினார். கோல்டுகோஸ்டில் அதற்கு முன் தினசரியே இருந்ததில்லை. தம் ஜனங்களுடைய சட்டங்களையும் வழக்கங்களையும் பற்றிப் புத்தகம் எழுதினார். அவர்களுடைய கடவுள் கொள்கையைப் பற்றியும் 1944இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ஆப்பிரிக்கனுக்கும் வெள்ளைக்காரனைப் போலவே உயர்ந்த கடவுள் உண்டு என்று ருசுப்பிக்க அவ்வளவு படிப்பும் செலவாயிற்றே என்றுதான் நமக்கு வருத்தம். இன்னொரு காரியத்துக்காக அவரை மனமாரப் பாராட்டலாம். பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்கா முழுவதுக்கும் ஒரே சர்வகலாசாலைக் கல்லூரி போதும், அது நைஜீரியாவிலே இருக்கட்டும் என்று வெள்ளைக்காரர் யோசித்த போது, எங்கள் நாட்டுக்குத் தனியாக வேண்டுமென்று விடாமல் வாதாடியவர்களில் இவர் முதன்மையானவர். 1948இல் அக்ராவுக்கு அருகே கல்லூரி வந்தது. கானா என்ற பழைய ராஜ்யத்தின் பெயரைப் புது நாட்டுக்குச் சூட்ட வேண்டுமென்று லண்டன் நூல்நிலையங்களில் புரட்டிப் புரட்டி வாதம் தேடியவரும் இவரே. பெயர் வைத்தவரையே அந்தப் பெயர் கொண்ட நாடு உள்ளே போட்டது.

நிற்க, இவருடைய வாழ்க்கையில் நாம் மறைக்கக் கூடாத ஒரு பகுதியும் உண்டு. 1943இல் ராஜா ஓபோரி ஆட்டா இறந்தார். 1944 பிப்ரவரியில் அவருடைய கடைசிக் காரியச் சடங்குகள் நடக்கும் போது, அப்பெட்வா என்ற கிராமத்தின் தலைவர் ஒருவர் திடீரென்று காணாமற் போய் விட்டார். செத்த ராஜாவின் சடங்குக்கு நரபலியாகக் கொல்லப்பட்டார் என்று வழக்கு எழுந்தது. ராஜகுடும்பத்தைச் சேர்ந்தவர்கள் உள்பட எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றமில்லை என்று வாதாடி, அப்பீல் மேல் அப்பீலாக லண்டன் வரைக்கும் கொண்டு போய், வருஷக் கணக்கில் அந்தத் தண்டனையைத் தள்ளி வைத்தவர்களில் முன்னின்றவர் டான்குவா. கடைசியில் 1947இல் மூன்று பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வக்கீல் தம் கட்சிக்காரனுக்கு வாதாடுவது குற்றமாகாதுதான். ஆனால் காணாமற் போன அந்தக் கிராமத் தலைவருக்காக அழுதவர்களிடத்தில் இவ்வளவு பெரிய படிப்பாளி ஒருவரும் வரவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தத்துவ டாக்டர் பட்டம் வேறு, குலப் பற்று வேறு. ஒன்று மற்றொன்றைக் கரைத்து விடாது என்பதற்கு நம் ஊரிலும் உதாரணம் தேட வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட வக்கீல்களும், மர வியாபாரி ஜார்ஜ் கிராண்ட் போன்ற தனவந்தர்களும் 1947 ஆகஸ்டு 4ஆம் தேதி சால்ட்பாண்டு என்ற கடற்கரை ஊரில் கூடி ஐக்கிய கோல்டுகோஸ்ட் மாநாடு என்ற சங்கத்தை ஏற்படுத்தினார்கள். எல்லோரும் பிரமுகர்கள், எல்லோருக்கும் கோர்ட்டு வேலை, வியாபார வேலை. ஊர் ஊராய் அலைந்து ஆள் சேர்க்க யாருக்கும் பொழுதில்லை. முழு நேரமும் உழைக்க ஒரு காரியதரிசி வேண்டும் என்ற போது, ஆக்கோ அட்ஜெய் என்பவர் தமக்கு வந்த அந்த வேலையை வேண்டாமென்று சொல்லி லண்டனிலிருந்த தம் நண்பர் ஒருவருடைய பெயரைச் சொன்னார். அந்த நண்பர்தான் நுக்ருமா. தட்டார் மகன், தாயார் சில்லறை வியாபாரம் செய்தவர். அமெரிக்காவில் மீன் விற்றும் கப்பலில் பாத்திரம் கழுவியும் படித்தவர். 1947 டிசம்பரில் வந்து சேர்ந்தார். ஆக்கோ அட்ஜெய் என்ற பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம்.

1948 பிப்ரவரி 28ஆம் தேதி, யுத்தத்துக்குப் போய் வந்த சிப்பாய்கள் தங்களுக்குச் சொன்னபடி உதவி செய்யவில்லையென்று மனுக் கொடுக்க அக்ராவில் கவர்னர் மாளிகையை நோக்கி ஊர்வலம் போனார்கள். வெள்ளைப் போலீஸ் அதிகாரி சுட்டதில் மூன்று பேர் மாண்டார்கள். வெள்ளைக்காரன் யுத்தத்தில் அவனுக்காகச் சாகாமல் தப்பி வந்தவர்கள், அவனிடத்தில் மனுக் கொடுக்கப் போய்ச் செத்தார்கள்! ஊர் பற்றியெரிந்தது. சர்க்கார் சங்கத்தின் ஆறு தலைவர்களைப் பிடித்து வடக்கே காவலில் வைத்தது. டான்குவா, நுக்ருமா, ஆக்கோ அட்ஜெய், ஒபெட்செபி லாம்ப்டே, எட்வர்டு அக்குபோ ஆட்டோ, வில்லியம் ஓபோரி ஆட்டா ஆகிய இந்த ஆறு பேரையும் ஜனங்கள் "பெரிய ஆறு பேர்" என்றழைத்தார்கள்.

அதன் பிறகு இவர்களுக்குள் பிளவு வந்ததைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பிரமுகர்கள் "கூடிய சீக்கிரத்தில் சுயாட்சி" என்றார்கள். நுக்ருமா "இப்பொழுதே" என்றார். 1949 ஜூனில் தனிக் கட்சி கண்டார். வீடில்லாமல் பணக்காரர் வீட்டுத் தாழ்வாரங்களில் படுத்துறங்கும் வாலிபர்களும், சந்தைப் பெண்களும், ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்களும் அவர் பின்னால் போனார்கள். அவர்களைப் படித்த வக்கீல்கள் "தாழ்வாரப் பையன்கள்" என்று ஏளனம் செய்தார்கள். நம்மைக் கேட்டால், அன்றைக்கு நாமும் தாழ்வாரத்தில்தான் இருந்திருப்போம். பிறப்பாலும் பட்டத்தாலும் தலைமை தங்களுக்கே உரியதென்று நினைத்தவர்களைப் பாமர ஜனங்கள் 1951இல் ஓட்டுப் போட்டே ஓரங்கட்டினார்கள். சிறையிலிருந்தபடியே ஜெயித்து வெளியே வந்து சர்க்காரை நடத்தினார் நுக்ருமா. டான்குவா 1954இலும் தோற்றார், 1956இலும் தோற்றார். இதில் அநியாயம் ஒன்றுமில்லை. 1957 மார்ச்சு 6ஆம் தேதி நாடு விடுதலையடைந்தது. பள்ளிக்கூடங்கள் பெருகின, தேமாவில் துறைமுகம் வந்தது, வோல்ட்டா நதியில் பெரிய அணை எழுந்தது. இவற்றையெல்லாம் நாம் மறுக்கவில்லை.

ஆனால் விடுதலை வந்த கையோடு வேறொன்றும் வந்தது. 1958இல் வெளியான நாணயங்களில் நுக்ருமாவின் தலை இருந்தது. அவரே தேசத்தை நிறுவியவர் என்று அதில் லத்தீன் பாஷையில் எழுத்து! கானாவின் குடியானவனுக்கு லத்தீன் எதற்கு என்று கேட்க ஆளில்லை. பார்லிமெண்டு வாசலில் சிலை நின்றது. "ஓசாஜியேபோ", அதாவது ரட்சகர், என்பது அவருடைய பட்டமாயிற்று. இளம் முன்னோடிகள் என்று சிறுவர் படை ஒன்று ஏற்படுத்தி, நுக்ருமாவுக்குச் சாவே இல்லை என்று குழந்தைகளைக் கூவப் பழக்கினார்கள். 1962இல் அக்ராவின் ஆங்கிலிகன் பிஷப்பு இது தெய்வ நிந்தனை என்று ஆட்சேபித்தார். அவரை நாட்டை விட்டே துரத்தினார்கள். பாதிரியாருக்கு வந்த கோபம் தம் கடைக்கு எதிரே இன்னொரு கடை திறந்ததனால் வந்த கோபம். ஒரு மனிதனுக்குச் சாவில்லை என்று ஒரு குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது, அந்த மனிதன் ஏசுவானாலும் நுக்ருமாவானாலும், அந்தக் குழந்தையின் புத்தியைக் கெடுப்பதாகும் என்பது நம் அபிப்பிராயம். சாவில்லாதவர் தப்பும் செய்ய மாட்டார். தப்புச் செய்யாதவரை எதிர்ப்பவன் துரோகியாகத்தானே இருக்க வேண்டும்? துரோகிக்கு விசாரணை எதற்கு? படிகள் இப்படித்தான் இறங்குகின்றன.

1958 ஜூலையில் தடுப்புக் காவல் சட்டம் பிறந்தது. தேசத்துக்கு ஆபத்து என்று சர்க்கார் நினைத்தால் எவரையும் விசாரணையில்லாமல் ஐந்து வருஷம் வரை அடைத்து வைக்கலாம். காரணம் என்று ஏதோ எழுதித் தருவார்கள். அதற்குச் சமாதானத்தை அடைத்தவர்களிடத்திலேயே சொல்லிக் கொள்ள வேண்டும்! இந்தியாவிலும் இப்படி ஒரு சட்டம் இருக்கின்றதே என்று உதாரணம் காட்டினார்கள். உதாரணம் பொய்யல்ல. 1950இல் இந்தியப் பார்லிமெண்டு செய்த தடுப்புக் காவல் சட்டத்தின் மேல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன முதல் பெரிய வழக்கே, சென்னை ராஜ்யத்தில் சிறை வைக்கப்பட்டிருந்த ஏ. கே. கோபாலனுடைய வழக்குதான். அதில் ஒரு பிரிவு தவிர மற்றதெல்லாம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஆயினும் இங்கே ஆலோசனைக் குழு என்று ஒரு பேருக்காவது இருந்தது. கானாக்காரர்கள் விஷத்தை எடுத்துக் கொண்டு முறிவை விட்டு விட்டார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் 1982ஆம் வருஷத்துக் குண்டர் சட்டப்படி விசாரணையில்லாமல் ஒரு வருஷம் வரை வைக்கலாம் என்பது நம் வாசகர்களுக்குப் புதிதல்ல.

1959 நவம்பரில் அசாந்தி நாட்டு மன்னரின் தலைமைப் பேச்சாளரான பாபர் ஓசை அக்கோட்டோ என்பவரையும் இன்னும் ஏழு பேரையும் இச்சட்டப்படி அடைத்தார்கள். இங்கேதான் டான்குவாவின் வாழ்க்கையில் நாம் தலை வணங்கும் பகுதி தொடங்குகின்றது. 1960இல் ஜனாதிபதித் தேர்தலில் நுக்ருமாவை எதிர்த்து நின்று, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டுக்கு எதிரே 1,24,623 ஓட்டு வாங்கித் தோற்றவர் அவர். வயது அறுபத்தைந்து. வீட்டோடு இருந்திருக்கலாம். அவரோ அந்த எட்டுப் பேருக்காகச் சுப்ரீம் கோர்ட்டில் ஏறினார். குடியரசின் அரசியல் சட்டப்படி ஜனாதிபதி பதவியேற்கும் போது மக்களுடைய சுதந்திரத்தைப் பாதுகாப்பதாகச் சொல்லியிருக்கின்றாரே, அதற்கு விரோதமாக இந்தச் சட்டம் எப்படிச் செல்லும் என்று கேட்டார். பிரதம நீதிபதி சர் ஆர்க்கு கோர்சா முதலானவர்கள் 1961 ஆகஸ்டு 28ஆம் தேதி தீர்ப்புச் சொன்னார்கள். ஜனாதிபதி சொன்னது இங்கிலாந்து ராணி முடிசூடும் போது செய்யும் சத்தியத்தைப் போன்ற ஒரு தர்ம வாக்குதான், சட்டமல்ல; அதை மீறினால் ஜனங்கள் ஓட்டுப் பெட்டியில் பார்த்துக் கொள்ளட்டும், கோர்ட்டுக்கு வர வேண்டாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வாதாடியவர் ஐந்தே வாரத்தில் கைதியானார். அந்தச் செப்டம்பரில் செக்கொண்டி, தாக்கொராடி ஊர்களில் ரயில்வே, துறைமுகத் தொழிலாளர்கள் கட்டாயச் சேமிப்புப் பிடித்தத்தை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்திருந்தார்கள். அதைச் சாக்காகக் கொண்டு அக்டோபர் 3ஆம் தேதி எதிர்க்கட்சிக்காரரையும் தொழிலாளர் தலைவர்களையும் வாரிப் போட்ட போது டான்குவாவும் போனார். தாழ்வாரப் பையன்களின் சர்க்கார், தாழ்வாரத்திலே படுப்பவன் கூலியைப் பிடிக்காதே என்று கேட்டதற்கு அவனையும் ராஜகுடும்பத்து வக்கீலையும் ஒரே வண்டியில் ஏற்றிற்று! 1962 ஜூனில் விட்டார்கள். வெளியே வந்தவரை வக்கீல்கள் தங்கள் சங்கத்துக்குத் தலைவராக்கினார்கள்.

ஓட்டுப் பெட்டியும் கோர்ட்டும் என்ன ஆயின என்று பார்ப்போம். 1962 ஆகஸ்டில் குலுங்குகு என்ற எல்லைக் கிராமத்தில் நுக்ருமாவின் மேல் குண்டு வீசப்பட்டது. சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டவர்களில் ஒருவர் அவருடைய மந்திரியாகவே இருந்த ஆக்கோ அட்ஜெய். ஆம், நண்பனுக்கு வேலை வாங்கிக் கொடுத்த அதே ஆக்கோ அட்ஜெய்தான். 1963 டிசம்பரில் கோர்சாவின் கோர்ட்டு அவரையும் வேறு இருவரையும் குற்றமில்லை என்று விட்டது. இரண்டொரு நாளில் கோர்சாவுக்கே வேலை போயிற்று. தீர்ப்பை ரத்துச் செய்து, மறுபடி வேறு கோர்ட்டில் விசாரித்து, மரண தண்டனை விதித்து, அப்புறம் அதைச் சிறைவாசமாகக் குறைத்தார்கள். ஓட்டுப் பெட்டிக்கு வந்த கதி இது: 1964 ஜனவரியில் ஒரே கட்சிதான் இருக்கலாமா என்று ஜனவாக்கெடுப்பு நடத்தி, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் சம்மதம் என்று அறிவித்தார்கள். 1965 தேர்தலில் எல்லா ஸ்தானங்களிலும் கட்சிக்காரர்கள் போட்டியின்றி வந்தார்கள்; ஓட்டே போடவில்லை.

1964 ஜனவரி 2ஆம் தேதி ஒரு போலீஸ்காரன் நுக்ருமாவைச் சுட்டான். குண்டு தப்பியது, மெய்காப்பாளர் ஒருவர் மாண்டார். 8ஆம் தேதி டான்குவாவைப் பிடித்தார்கள். அக்ராவுக்கு வடக்கேயுள்ள நசாவாம் சிறையில், தூக்குத் தண்டனைக் கைதிகளுக்குரிய அறைகளின் வரிசையில் வைத்தார்கள். அவ்வருஷம் மே 9ஆம் தேதி அவர் நுக்ருமாவுக்கே எழுதிய மனு நமக்குக் கிடைத்திருக்கின்றது. அறை சுமார் ஒன்பதடி நீளம், ஆறடி அகலம். கட்டிலில்லை, நாற்காலியில்லை, மேஜையில்லை. சிமெண்டுத் தரையில் இரண்டு கம்பளி. அதே தரையில் குந்திச் சாப்பாடு. பக்கத்திலேயே மலச்சட்டி, தண்ணீர்க் கூஜா. 1948இல் வெள்ளைக்காரன் நம்மைப் பிடித்தபோது ஆளுக்கொரு பங்களாவும் தோட்டமும் எழுதப் படிக்க வசதியும் கொடுத்தானே, என்னுடைய டைப்ரைட்டரையே கொண்டு போனேனே, இங்கே நாலு மாதமாய்ப் புத்தகமும் காகிதமும் இல்லையே என்று ஞாபகப்படுத்துகின்றார். படிக்க விட்ட ஒரே புத்தகம் பைபிள்! இதைச் சொல்வதால் வெள்ளைக்காரன் நல்லவனாகி விட மாட்டான். மனுக் கொடுக்க வந்தவனைச் சுட்டவன் அவன். அவன் துப்பாக்கியை எதிர்த்து ஒன்றாய்ச் சிறை போன இரண்டு பேரில் ஒருவர் மற்றவருக்கு இப்படி எழுத வேண்டி வந்ததே என்பதுதான் விஷயம்.

பதில் வரவில்லை. ஒன்பது மாதம் கழித்து 1965 பிப்ரவரி 4ஆம் தேதி மாரடைத்து அந்தச் சிறையிலேயே இறந்தார். வயது 69. "பெரிய ஆறு பே"ரில் ஒபெட்செபி லாம்ப்டேயும் 1963இல் காவலிலிருந்த போதே நோயால் இறந்து போயிருந்தார். ஆக்கோ அட்ஜெய் இன்னும் உள்ளே.

தோழர்களே! இதற்குச் சமாதானம் சொல்கின்றவர்கள் இன்றைக்கும் இருக்கின்றார்கள். அவர் ராஜவம்சத்தார், பணக்காரர் கட்சி, ஏகாதிபத்தியத்தின் கைக்கூலி, அமெரிக்காக்காரனிடம் பணம் வாங்கினார் என்கின்றார்கள். ராஜவம்சம் என்பது மெய்; அதை நாமே மேலே சொன்னோம். பணம் வாங்கினார் என்பதோ? அவர் உயிரோடிருந்த வரையில் எந்தக் கோர்ட்டிலும் அவர் மேல் அந்தக் குற்றம் சாட்டப்படவேயில்லை. செத்தவர் எழுந்து வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியத்தில் பேசுவது எளிது. குண்டுகள் வெடித்தனவே, குழந்தைகள் கூட மாண்டனவே, சும்மா விட்டு விடுவதா என்று கேட்பார்கள். விட வேண்டாம், குண்டு போட்டவனைப் பிடித்து விசாரியுங்கள் என்பதே நமது கட்சி. விசாரிக்கச் சொல்கின்றவனைப் பார்த்து, குற்றவாளிக்குப் பரிந்து பேசுகின்றாயா என்பது என்ன நியாயம்? நாளைக்கு நம்மில் ஒருவரை ஊர்ப் பெரிய மனிதர்கள் "இவன் மதத் துரோகி, தேசத் துரோகி" என்று பெயர் வைத்து அடைத்து விட்டால், நம் கையில் மிஞ்சுவது "என்ன குற்றம் செய்தேன், விசாரி" என்ற ஒரே ஒரு கேள்விதான். அந்தக் கேள்வியை நமக்குப் பிடிக்காத டான்குவாவுக்கு இல்லை என்று சொல்லி விட்டு, நமக்கு மட்டும் எங்கேயிருந்து எடுத்துக் கொள்வது?

1966 பிப்ரவரி 24ஆம் தேதி நுக்ருமா வெளிநாடு போயிருந்த சமயத்தில் பட்டாளமும் போலீசும் சேர்ந்து அவரைக் கவிழ்த்தன. பார்லிமெண்டு வாசலில் நின்ற சிலையைத் தள்ளித் தலையை உடைத்தார்கள். நசாவாமின் கதவு திறந்து தடுப்புக் காவல் கைதிகள் வெளியே வந்தார்கள். ஜனங்கள் ஆடிப்பாடினார்கள். அந்தப் பட்டாள சர்க்கார் உடனே என்ன செய்தது தெரியுமா? "பாதுகாப்புக் காவல்" என்று ஒரு புது உத்தரவு போட்டு நுக்ருமாவின் மந்திரிகளையும் கட்சிக்காரரையும் விசாரணையில்லாமல் உள்ளே தள்ளிற்று! பெயர்தான் மாறிற்று, பூட்டு மாறவில்லை. சாவில்லாதவர் என்று கூவப்பட்ட நுக்ருமா கினியா நாட்டில் தஞ்சமிருந்து, 1972 ஏப்ரல் 27ஆம் தேதி ருமேனியாவில் நோயால் காலமானார். தலையுடைந்த சிலையும், அருகே தனியாக அந்தத் தலையும் இப்போது அக்ராவில் அவர் நினைவுத் தோட்டத்தில் பார்வைக்கு இருக்கின்றன. டான்குவாவுக்கும் அதே நகரத்தில் ஒரு நாற்சந்தியும் சிலையும் உண்டு.

1992ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தில், பிடிக்கப்பட்டவனை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கோர்ட்டுக்குக் கொண்டு வர வேண்டும் என்று கானாக்காரர்கள் எழுதி வைத்தார்கள். எழுதியும், விசாரணைக் கைதி என்ற பேரில் ஏழைகள் வருஷக் கணக்காய் உள்ளேயே கிடந்தார்கள். பலருக்கு வக்கீல் வைக்க வகையில்லை, சிலருடைய வழக்குக் கட்டே காணோம். ஆகையால் 2007 முதல் நீதிபதிகளே சிறைச்சாலைக்குப் போய் அங்கேயே கோர்ட்டு கூட்டி, அப்படிக் கிடப்பவர்களை ஒவ்வொருவராய்க் கூப்பிட்டு, உன் மேல் என்ன குற்றம் என்று கேட்கும் ஏற்பாடு ஒன்று நடந்து வருகின்றது. அந்தக் கோர்ட்டு கூடுகின்ற சிறைகளில் நசாவாமும் ஒன்று.